யார்க்ஷயர் சீனியர் காம்பெட்டிஷன்: மூன்றே சீசனில் செத்துப்போன ரக்பி லீக்கைக் கொன்றது யார்?

பழைய ஸ்கோர்போர்டு

வடக்கு இங்கிலாந்தில், யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் லிஸ்டர் மில் புகைபோக்கி தெரியும். 249 அடி உயரம். பட்டு நெய்த மில். 1992ல் மூடிவிட்டார்கள், இப்போது உள்ளே ஃபிளாட்டுகள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் வேலி பரேட் மைதானம். மேட்ச் உள்ள சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிராட்ஃபோர்டு சிட்டி கால்பந்து அணியின் சொந்த இடம் அது. ஆனால் 1886ல் அந்த இடத்தைப் பிடித்தது ஒரு ரக்பி கிளப். பெயர் மானிங்ஹாம். அந்த கிளப் ஆடிய ஒரு லீக்கைப் பற்றித்தான் இந்த இழை.

1892ல் யார்க்ஷயரின் பெரிய ரக்பி கிளப்புகள் சேர்ந்து ஒரு லீக் ஆரம்பித்தன. யார்க்ஷயர் சீனியர் காம்பெட்டிஷன் என்று பெயர். கால்பந்துக்காரர்கள் 1888ல் ஃபுட்பால் லீக் தொடங்கி, புள்ளிப்பட்டியல் போட்டுக் கூட்டம் சேர்ப்பதைப் பார்த்து வந்த ஆசை. லங்காஷயரிலும் அதே ஆண்டு அதே மாதிரி ஒன்று முளைத்தது. ஒரு வித்தியாசம்: கால்பந்தில் 1885லேயே சம்பளம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. ரக்பியில் காலணா வாங்கினாலும் தலைமுழுகிவிடுவார்கள். ஆக, யார்க்ஷயர் லீக்கில் ஆடியவன் எல்லாம் சட்டப்படி அமெச்சூர்.

மொத்தம் மூன்று சீசன். முதல் ஆண்டு பிராட்ஃபோர்டு ஜெயித்தது, இரண்டாம் ஆண்டு மானிங்ஹாம், மூன்றாம் ஆண்டு லிவர்செட்ஜ் என்ற சின்ன ஊர். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கு கிளப்புகள், இங்கிலாந்து ரக்பியை ஆண்ட ரக்பி ஃபுட்பால் யூனியன் என்ற சங்கத்தை விட்டு வெளியேறி, நார்தர்ன் யூனியன் என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கின. லீக் கதை முடிந்தது. இன்று 15 பேர் ஆடும் யூனியன், 13 பேர் ஆடும் லீக் என்று ரக்பி இரண்டாகக் கிடப்பதற்கு விதை அன்று விழுந்தது.

என் கட்சி: இந்த லீக்கை லண்டன் கனவான்கள் கொன்றார்கள். காரணம் ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். மறுப்பவர்கள் வரலாம்.

கோடு நடுவர்

வந்துவிட்டேன் அண்ணே.

யார்க்ஷயர் பப்பில் இரண்டாவது கிளாசுக்கு அப்புறம் சொல்லும் கதை இது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த லீக்கை வெளியாள் யாரும் கொல்லவில்லை. லீக் என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே அதன் சாவு இருந்தது.

யோசித்துப் பாருங்கள். லீக் வருவதற்கு முன் கிளப்புகள் தங்களுக்குள் பேசிவைத்து மேட்ச் ஆடின. தோற்றால் தோற்றது. கோப்பை ஒன்றுதான் இருந்தது, 1877ல் தொடங்கிய யார்க்ஷயர் கப். முதல் தடவை ஹாலிஃபாக்ஸ் ஜெயித்தது. உள்ளூர்க்காரர்கள் அதைச் செல்லமாகப் பழைய தகரச் சொம்பு என்பார்கள். அந்தச் சொம்புக்கே அடிதடி, பந்தயம் எல்லாம் நடந்தது. இப்போது பட்டியல் போட்டாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் புள்ளி. புள்ளி போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் கல்லா காலி. அப்புறம் என்ன செய்வார்கள்? பக்கத்து மாவட்டத்து நல்ல ஆளை இழுப்பார்கள். 1893ல் ஹடர்ஸ்பீல்டு கிளப் கார்லைலிலிருந்து இரண்டு பேரை இழுத்து மாட்டிக்கொண்டு சஸ்பெண்டு ஆனது. அது 6 ஷில்லிங் விவகாரமா? இல்லை. ஆள் பிடிக்கும் விவகாரம்.

கடைசியாக யார்க்ஷயரில் நூலை அறுத்தது எது தெரியுமா? கீழ் டிவிஷனில் ஜெயித்தவனை மேலே ஏற்ற வேண்டும் என்று மாவட்டச் சங்கம் சொன்னது. யார் மேலே வரலாம் என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்றார்கள் பெரிய கிளப்புக்காரர்கள். உழைப்பாளிகளின் லீக் என்கிறீர்களே, அந்த லீக் தன்னைவிடச் சின்ன உழைப்பாளிக்குக் கதவைச் சாத்தியது.

எட்டிப் பார்த்தவன்

இந்த 6 ஷில்லிங் என்ன கணக்கு? ஆடுவதற்குச் சம்பளமா? யாராவது எளிமையாகச் சொல்லுங்கள், எனக்கு ரக்பியில் பந்து முட்டை வடிவம் என்பது வரைதான் தெரியும்.

நூல்கண்டு

நான் சொல்கிறேன் தம்பி, கோயம்புத்தூர்க்காரிக்கு இது ரக்பி தெரியாமலே புரியும்.

என் அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார். மில் வாலிபால் டீமில் ஆள். வெளியூர் மேட்ச் என்றால் ஓ.டி. போட்டுவிடுவார்கள், அதாவது வேலைக்கு வந்ததாகவே கணக்கு. புது மேனேஜர் ஒருவர் வந்தார். அன்றிலிருந்து மேட்சுக்குப் போனால் அரை நாள் கூலி கட். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்து அம்மா காசை எண்ணுவார். எண்ணி முடித்து ஒன்றும் பேச மாட்டார். அந்த வருடம் அப்பா ஆட்டத்தை விட்டார். மேனேஜர் ஆடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யார்க்ஷயரிலும் அதுதான் நடந்தது. மில்லில் சனிக்கிழமை ஒரு மணிவாக்கில் வேலை முடியும். பிராட்ஃபோர்டிலிருந்து ஹல் அறுபது மைலுக்கு மேல். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே அங்கே சூரியன் போய்விடும், விளக்கு கிடையாது. எனவே மேட்ச் மதியமே தொடங்கியாக வேண்டும். ஒரு மணிக்கு மில் விட்டு ரயில் ஏறியவன் போய்ச் சேரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே காலையிலேயே கிளம்ப வேண்டும், காலை ஷிப்ட் போச்சு, கூலி போச்சு. அந்தப் போன கூலியைக் கிளப் ஈடு கட்டட்டும் என்றார்கள். பிரோக்கன் டைம் என்று அதற்குப் பெயர். நார்தர்ன் யூனியன் வந்ததும் அதற்கு உச்சவரம்பு வைத்தது, நாளொன்றுக்கு 6 ஷில்லிங். இழந்த கூலியைத்தான் கேட்டார்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் கேட்கவில்லை.

வக்கீலுக்கும் டாக்டருக்கும் சனிக்கிழமை ரயில் ஏறினால் யாரும் கூலி பிடிக்க மாட்டார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அடி மட்டும் ஒருவனுக்கு.

பழைய ஸ்கோர்போர்டு

நூல்கண்டு அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோடு நடுவர் தம்பிக்கு 1893 செப்டம்பர் 20ஐ ஞாபகப்படுத்த வேண்டும்.

அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் யூனியனின் பொதுக்குழு. யார்க்ஷயரின் ஜேம்ஸ் மில்லர் தீர்மானம் கொண்டுவருகிறார்: நிஜமாகவே கூலி இழந்த ஆட்டக்காரனுக்கு ஈடு கொடுக்கலாம். டியூஸ்பரியின் மார்க் நியூசம் வழிமொழிகிறார். யூனியன் தலைவர் வில்லியம் கெய்ல் எழுந்து, இது ஆட்டத்தின் நலனுக்கும் உணர்வுக்கும் விரோதம் என்று திருத்தம் கொண்டுவருகிறார். வாக்கெடுப்பு. 282க்கு 136. தீர்மானம் அவுட்.

அந்த 282 எப்படி வந்தது? வடக்கிலிருந்து ஆட்கள் தனி ரயில் பிடித்து லண்டன் போனார்கள். எதிர்ப்பக்கம் லெனாக்ஸ் கிளப்பின் ஸ்டீட் என்பவர் மட்டும் வராத கிளப்புகளின் வாக்கு 120ஐப் பையில் வைத்திருந்தார். ஒருவன் ஒரு நாள் கூலியை விட்டு ரயிலேறி வந்து ஒரு கை தூக்குகிறான், இன்னொருவர் உட்கார்ந்த இடத்தில் 120 கை தூக்குகிறார். கூட்டத்தைத் தெற்கிலும் வடக்கிலும் மாற்றி மாற்றி நடத்துங்கள் என்று யார்க்ஷயர் அதற்கு முன்பே கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. 1893க்குப் பிறகு பொதுக்கூட்டம் லண்டனில்தான் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் மேலே போனார்கள். காசு வாங்கியதாகப் புகார் வந்தால், வாங்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவனே நிரூபிக்க வேண்டும் என்ற திட்டத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். லங்காஷயரில் அந்த சீசனில் லீ, சால்ஃபோர்டு, விகன் என்று வரிசையாக சஸ்பெண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கெடுப்புக்கு 13 நாள் முன்னால், செப்டம்பர் 7 அன்று, அதே யார்க்ஷயரின் ஃபெதர்ஸ்டோனில் சுரங்கத் தொழிலாளர் கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கூலிக் குறைப்பு தகராறு. அதே 1893 ஜனவரியில்தான் எங்கள் பிராட்ஃபோர்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்தது. அதற்கு உரம் போட்டது ஜன்னலில் தெரியும் இந்த லிஸ்டர் மில்லின் வேலைநிறுத்தம், 1890 டிசம்பரிலிருந்து 1891 ஏப்ரல் வரை. கனவான்கள் பயந்தது ரக்பியைப் பார்த்து மட்டும் என்று நான் நம்பவில்லை.

கோடு நடுவர்

அண்ணே, அடுத்தடுத்த தேதியில் நடந்ததால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை, பனம்பழம் கதை நமக்குத் தெரியாததா.

சரி, தெற்கு வடக்கைக் கொன்றது என்கிறீர்கள். யார்க்ஷயரில் காசு வாங்கியவனைத் துரத்தித் துரத்திப் பிடித்தவர் யார்? ரெவரண்ட் ஃபிராங்க் மார்ஷல். எந்த ஊர்? ஆல்மண்ட்பரி. ஹடர்ஸ்பீல்டுக்குப் பக்கம், அங்கே பள்ளித் தலைமையாசிரியர். ஜார்ஜ் ஹோட்டலுக்கு அவர் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இன்னும் கேளுங்கள்: தீர்மானத்தை வழிமொழிந்த மார்க் நியூசம் இருக்கிறாரே, அவருடைய டியூஸ்பரி கிளப் 1895ல் பிரிந்து போகவில்லை. ஹோட்டல் கூட்டத்துக்கு வந்தும் யூனியனிலேயே தங்கிவிட்டது. நியூசம் பின்னாளில் அதே ரக்பி ஃபுட்பால் யூனியனுக்குத் தலைவரும் ஆனார். கூலி ஈடு வேண்டும் என்று கை தூக்கியவரே, அதற்காக வீட்டை இரண்டாக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். அவரையும் கனவான் கணக்கில் சேர்த்துவிடுவீர்களா?

கனவான்களின் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1883ல் கால்பந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற மில் ஊர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியான ஓல்டு ஈட்டோனியன்ஸை ஜெயித்தது. அன்றைக்கு அப்புறம் பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்கள் அணி ஒன்றுகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. இரண்டே ஆண்டில் சம்பளம் சட்டபூர்வம். நம் ஆட்டத்துக்கும் இதே கதிதான் என்று ரக்பிக்காரர்கள் 1886லேயே கதவை அடைத்தார்கள். நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் தங்கள் ஆட்டம் கைவிட்டுப் போவதை வேடிக்கை பார்க்கச் சொன்னால் யார்தான் பார்ப்பார்கள்?

எட்டிப் பார்த்தவன்

கோடு நடுவர் சொல்வது நம் ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட் மாதிரியே இருக்கிறது. பரிசுத்தொகை ஏற ஏற உள்ளூர்ப் பசங்க வெளியே, வெளியூர் கெஸ்ட் பிளேயர் உள்ளே. எங்கள் ஊரில் கமிட்டி ஆதார் அட்டை கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

பழைய ஸ்கோர்போர்டு

சிரித்துவிட்டேன் தம்பி. ஆனால் கெஸ்ட் பிளேயர் வாங்குவது ஆட்டக்காசு. இவன் கேட்டது போன கூலி. இந்த வித்தியாசத்தைத்தான் லண்டன் பார்க்க மறுத்தது.

அமெச்சூர் அமெச்சூர் என்கிறார்களே, ஒரு கணக்கு போடுவோம். அதே 1895ல் கிரிக்கெட்டில் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு நாடே நிதி திரட்டிக் கொடுத்தது. சுமார் 9,000 பவுண்டு. அவர் கடைசிவரை அமெச்சூர்தான், ஜென்டில்மேன், டாக்டர். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 6 ஷில்லிங்கால் வகுத்துப் பாருங்கள்: 30,000 நாள் கூலி. ஒரு சுரங்கத் தொழிலாளி வாரம் ஒரு மேட்ச் வீதம் ஆடினால் ஐநூறு வருடத்துக்கு மேல் ஆட வேண்டும்.

கோடு நடுவர்

கிரிக்கெட்டை இழுக்காதீர்கள். அங்கே சம்பளக்காரனுக்குத் தனி உடைமாற்றும் அறை, லார்ட்ஸில் களத்துக்குள் வரத் தனி வாசல் என்று படிநிலை ஏற்கெனவே கெட்டியாக இருந்தது. சம்பளக்காரன் எத்தனை ரன் அடித்தாலும் ‘சார்’ ஆக மாட்டான். அதனால் பயமில்லை. ரக்பியில் அந்த வாசல் கிடையாது, எல்லோரும் ஒரே சேற்றில்தான் புரள வேண்டும்.

நூல்கண்டு

நடுவர் தம்பி, அதைச் சொல்லி நீங்களே எங்கள் கட்சிக்குப் பந்து போட்டுவிட்டீர்கள். பிரச்சினை காசு இல்லை, யார் வாங்குகிறான் என்பது என்றுதானே இதற்கு அர்த்தம்?

ரக்பியிலேயே உதாரணம் வேண்டுமா, இரண்டு தருகிறேன்.

1888ல் பிரிட்டன் அணி ஒன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் கிளம்பியது. ஹாலிஃபாக்ஸ்காரர் க்ளோஸ் என்பவர் உடுப்பு வாங்க 15 பவுண்டு பெற்றதாகச் சொன்னார். அவ்வளவுதான், தொழில்முறை ஆட்டக்காரன் என்று முத்திரை. கப்பலில் அவரும் போனார், ஆனால் அங்கே ஆட விடவில்லை. உலகத்தின் அடிக்கோடி வரை போய் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினார். மற்றவர்கள் திரும்பி வந்ததும் காசு வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், முடிந்தது.

இன்னொருவர் வேல்ஸின் ஆர்தர் கூல்டு. நியூபோர்ட்டின் நட்சத்திரம். 1897ல் ரசிகர்கள் நிதி சேர்த்து அவருக்கு ஒரு வீட்டையே வாங்கிக் கொடுத்தார்கள். விருந்து வைத்து வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். சர்வதேச வாரியம் முகம் சுளித்தது, வேல்ஸ் அந்த வாரியத்தை விட்டே விலகியது. கூல்டுக்கு எதிராக ஆட மாட்டோம் என்று முறுக்கிய அதே இங்கிலாந்து யூனியன், கடைசியில் சரி பரவாயில்லை, விதிவிலக்கு என்று இறங்கி வந்தது. வடக்கை இழந்தாயிற்று, மேற்கையும் இழந்தால் யாரோடு ஆடுவது? 6 ஷில்லிங் பாவம், வீடு பாவமில்லை.

கோடு நடுவர்

கூல்டு விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை அக்கா. அது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். யூனியன் பக்கம் யோக்கியதை இருந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. லீக்கைக் கொன்றது யார் என்பதுதானே கேள்வி.

இப்போது என் முறை. பிரிந்து போன நார்தர்ன் யூனியன் தொழிலாளியை எப்படி நடத்தியது? 1898ல் சம்பளத்தை வெளிப்படையாக அனுமதித்தது. ஆனால் கூடவே ஒரு விதி: ஆட்டக்காரன் வேறு நிஜமான வேலையிலும் இருக்க வேண்டும். வேலை போனால் ஆட முடியாது. அதிலும் எல்லா வேலையும் செல்லாது. பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்கோர் குறிப்பவன், பப்பில் பரிமாறுபவன் எல்லாம் கணக்கில் இல்லை. கிளப் சும்மா வேலை போட்டுக் கொடுத்து ஏமாற்றும் என்ற பயம். 1905ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். மில் மூடிவிட்டான், சனிக்கிழமை ஆட்டத்திலாவது காசு வரும் என்று நினைத்தவனுக்கு அதுவும் இல்லை. தொழிலாளிக்காக வீட்டை உடைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

நம்மூர் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா, சென்னை கிரிக்கெட் லீக்கின் கம்பெனி அணிகள் எல்லாம் இதைவிட மேல். வேலை கொடுத்தார்கள், ஆட விட்டார்கள், பல பேருக்குச் சோறு போட்டது. யார்க்ஷயர் கிளப்புகளை நடத்தியவர்கள் மில் தொழிலாளிகள் இல்லை. வியாபாரிகள், சின்ன முதலாளிகள், பப் சொந்தக்காரர்கள். சனிக்கிழமை வாசலில் விழும் காசு யாருக்கு என்பதுதான் அவர்களுடைய சண்டை. தொழிலாளியின் 6 ஷில்லிங் கொடியில் எழுதுவதற்கு வசதியாக இருந்தது.

பழைய ஸ்கோர்போர்டு

கிளப்பை நடத்தியவன் வியாபாரி, சரி. ஆடியவன்?

டிக்கி லாக்வுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேக்ஃபீல்டு பக்கம் கிரிகிள்ஸ்டோனில் பிறந்தவர். ஐந்தரை அடிகூட இல்லாத ஆள், உழைக்கும் குடும்பம். பதினாறு வயதில் டியூஸ்பரிக்கு ஆட வந்தார். சேரும் இடமெல்லாம் காசு வாங்கினாரா என்று விசாரணை. 1894ல் இங்கிலாந்துக்குக் கேப்டன். 1895ல் வேக்ஃபீல்டு டிரினிட்டி கிளப்பில் சேர்ந்து நார்தர்ன் யூனியன் பக்கம் போனார், அத்தோடு நாட்டுக்கு ஆடுவது முடிந்தது. போன வருடம் தேசியக் கேப்டன், இந்த வருடம் அவரோடு ஒரே மைதானத்தில் நின்றால் எதிராளிக்கும் தீட்டு. ஆமாம், சும்மா சொல்லவில்லை, நார்தர்ன் யூனியன் ஆளோடோ எதிராகவோ ஆடினாலே தடை. தீட்டு என்பதற்கு நமக்கு அகராதி தேவையில்லை.

யூனியனுக்கு என்ன லாபம்? 1892ல் இங்கிலாந்து ஒரு புள்ளிகூட விடாமல் மூன்று நாடுகளையும் ஜெயித்தது. அணியில் வடக்கத்தியர் நிறைந்திருந்தார்கள். பிளவுக்கு அப்புறம் அந்தப் பட்டத்தை மறுபடி தொட 1910 ஆயிற்று. யார்க்ஷயர் மாவட்ட அணி 1889 முதல் 1896 வரை எட்டில் ஏழு முறை சாம்பியன். அடுத்தது எப்போது? 1926. யூனியனில் 1893ல் 481 கிளப். பத்து ஆண்டில் 244. இதற்குப் பேர் ஆட்டத்தைக் காப்பாற்றியதா?

கோடு நடுவர்

யூனியன் தன் காலில் கோடாலி போட்டுக்கொண்டது, மறுப்பில்லை. ஆனால் பிரிந்து போன உங்கள் ஆட்கள் வாழ்ந்தார்களா?

மூன்று சாம்பியன்களையும் பாருங்கள். லிவர்செட்ஜ் சில ஆண்டுகளில் காணாமல் போனது. மானிங்ஹாம் 1903ல் ரக்பியையே விட்டுக் கால்பந்துக்குத் தாவிப் பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. நீங்கள் கார் நிறுத்த இடமில்லாமல் தவிப்பதற்குக் காரணம் அதுதான். 1911ல் அவர்கள் எஃப்.ஏ. கோப்பையே ஜெயித்தார்கள். பிராட்ஃபோர்டு கிளப்பும் 1907ல் அதே வழியில் போய்ப் பார்க் அவென்யூ கால்பந்து அணி ஆனது. கோபித்துக்கொண்டவர்கள் தனியே போய் பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்று ரக்பி கிளப் தொடங்க வேண்டியிருந்தது. ஆக மூன்று சாம்பியன்களில் ஒன்றுகூட அதே உருவில் பன்னிரண்டு வருடம் தாங்கவில்லை. அவர்களை விழுங்கியது லண்டன் கனவானா? வட்டப் பந்து. எங்கே காசோ அங்கே போனார்கள். நான் முதல் பதிவில் சொன்னது இதைத்தான்.

நூல்கண்டு

ஹாலிஃபாக்ஸ், ஹல், லீட்ஸ், ஹடர்ஸ்பீல்டு, வேக்ஃபீல்டு எல்லாம் இன்னும் ஆடுகின்றனவே. மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

எட்டிப் பார்த்தவன்

ஒரு சந்தேகம். 1895ல் லீக் செத்தது என்கிறீர்கள். அடுத்த சீசன் இவர்கள் எதில் ஆடினார்கள்?

கோடு நடுவர்

நல்ல கேள்வி தம்பி, அண்ணன் இதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

முதல் சீசன் 1895-96, யார்க்ஷயரும் லங்காஷயரும் அண்டை ஊர்களும் சேர்ந்து ஒரே லீக், 22 கிளப், ஆளுக்கு 42 மேட்ச். மானிங்ஹாம் சாம்பியன், ஹாலிஃபாக்ஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. ஆனால் 42 மேட்ச், இத்தனை ரயில் செலவு, ஹல்லிலிருந்து விட்னெஸ் வரை போனால் போன கூலியும் இரட்டிப்பு. ஒரே வருடத்தில் மூச்சு வாங்கிவிட்டது. 1896ல் மறுபடி மாவட்ட வாரியாகப் பிரித்தார்கள். யார்க்ஷயர் பிரிவுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? யார்க்ஷயர் சீனியர் காம்பெட்டிஷன். முதல் வெற்றி பிரிக்ஹவுஸ் ரேஞ்சர்ஸ். 1901ல் பெரிய கிளப்புகள் 14 சேர்ந்து, எங்களுக்குத் தனி லீக் வேண்டும் என்று அதிலிருந்தும் பிரிந்தன. அப்போது லண்டனில் யாரைத் திட்டினார்கள் என்று அண்ணன் சொல்லட்டும்.

பழைய ஸ்கோர்போர்டு

பெயர் அதே, வீடு வேறு. 1892ல் தொடங்கியது யூனியனின் கீழ் ஆடிய அமெச்சூர் லீக். 1896ல் வந்தது கூலி ஈடு கொடுக்கும் லீக். ஒரே பெயர்ப்பலகையை மாட்டினால் ஒரே கடை ஆகிவிடாது. 1901 விஷயத்தில் கொஞ்சம் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். பெரியவன் சின்னவனைக் கழற்றிவிடும் புத்தி வடக்கிலும் இருந்தது.

ஆனால் ஒன்று. 1995 ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் சர்வதேச வாரியம் கூடி, ரக்பி யூனியனில் இனி யார் வேண்டுமானாலும் காசு வாங்கலாம் என்று அறிவித்தது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்கு நூறு வருடம் முடிய இரண்டொரு நாள்தான் பாக்கி.

கோடு நடுவர்

அது ஆட்டத்துக்கே சம்பளம் அண்ணே, போன கூலி இல்லை. நீங்கள்தான் அந்த வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னீர்கள்.

அப்புறம், தலைப்பில் ‘செத்துப்போன’ என்று போட்டிருக்கிறீர்கள். 1896ல் எழுந்து நடந்த லீக்கை அப்படிச் சொல்லலாமா? மாற்றுங்கள்.

பழைய ஸ்கோர்போர்டு

எடிட் செய்யும் நேரம் தாண்டிவிட்டது தம்பி. தலைப்பு அப்படியே இருக்கட்டும்.

நூல்கண்டு

புகைபோக்கியின் படம் ஒன்று போடுங்களேன்.

பழைய ஸ்கோர்போர்டு

இன்று மேகம். பாதிதான் தெரிகிறது. நாளைக்குப் போடுகிறேன்.